நவமணி கார் எடுத்தால் அவிழ்கிற வீதி

திருச்செங்கோட்டில், சாயங்காலமானால் மலையின் நிழல் வந்து படுத்துக்கொள்கிற கிழக்குப் பக்கத்தில், போர் போடுகிற ரிக் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் பேட்டைக்குப் பின்னால், செக்குமேட்டு வீதி என்று ஒன்று உண்டு. அந்த வீதியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிற நவமணி, மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை, ஈரோடு ஜங்ஷனுக்கு ரயில் பிடிக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொள்வதற்காகத் தன் வெள்ளைக் காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். திருகியதும் பானட்டுக்குள்ளிருந்து கடகடகடவென்று, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் கிளம்பி, ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் நீடித்து, தானாக அடங்கியது. அந்தப் பெருமூச்சு நேரத்துக்குள் வீதியில் கட்டி வைத்திருந்தது, முடிந்து வைத்திருந்தது, முறுக்கி வைத்திருந்தது எல்லாம் அவிழ்ந்தது.

எதிர்வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்ற ரிக் முதலாளி ராசப்பனுக்கு லுங்கி அவிழ்ந்தது. பால்காரர் ஓட்டிவந்த எருமைக்குக் கயிறு அவிழ்ந்தது, அது பாட்டுக்கு நடந்துபோய் யாரோ மெனக்கெட்டுப் போட்டிருந்த கோலத்தின் மேல் நின்றுகொண்டது. பூக்கார மயிலாத்தாள் கட்டி முடித்த கனகாம்பரச் சரமெல்லாம் கூடைக்குள்ளேயே உதிரிப்பூவாகப் போனது. கொடிக்கயிறு அவிழ்ந்தது, கொண்டை அவிழ்ந்தது, அரிசி மூட்டை வாய் அவிழ்ந்தது, குழாயின் திருகு கழன்று தண்ணீர் தெருவில் ஓடியது.

"அட கெரகமே!" என்று ராசப்பன் ஒரு கையில் லுங்கியும் ஒரு கையில் பிரஷ்ஷுமாக வீட்டுக்குள் ஓடினார்.

அன்றைக்கு யாரும் காரைச் சந்தேகப்படவில்லை. மறுநாளும் சத்தம் வந்தது, மறுநாளும் அவிழ்ந்தது. அதற்கு அடுத்த நாள் மயிலாத்தாள் சரத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை அதிலேயே வைத்துக் காத்திருந்து, சத்தத்தையும் முடிச்சையும் ஒன்றாகப் பிடித்துவிட்டாள். "ஏனுங்க, இது நம்ம நவமணி கார் பண்ற வேலைங்க" என்று வீதி முழுக்கச் சொன்னாள். ஓ, அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள். வேறு ஊராக இருந்தால் டிவிக்காரரைக் கூப்பிட்டிருப்பார்கள். செக்குமேட்டு வீதிக்காரர்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள்.

எப்படிப் பழகினார்கள் என்று கேளுங்கள். நவமணி சாவியைத் திருகுவதற்கு முன்னால் நீளமாக ஒரு ஹாரன் அடிக்க வேண்டும் என்று பேசி முடிவானது. ஹாரன் கேட்டதும் ஆண்கள் நின்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள், பெண்கள் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டார்கள், பால்காரர் எருமையின் கொம்பைப் பிடித்துக்கொண்டார், தொட்டிலில் குழந்தை போட்டிருந்தவர்கள் எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். எதைக் கட்டுவதென்றாலும், "கார் போயிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டினார்கள். தை பிறந்து கல்யாணங்கள் வந்தபோது, ஜோசியர் முகூர்த்தம் குறித்துக் கொடுத்த பிறகு, நவமணியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்கள். தாலி விஷயமாயிற்றே!

பழகியது போதாதென்று பயன்படுத்தவும் தொடங்கினார்கள். திறக்காத ஊறுகாய் ஜாடிகள் வந்தன, வீங்கின விரலில் மாட்டிய மோதிரங்கள் வந்தன, சாவி தொலைந்த டிரங்குப் பெட்டிகள் தலைச்சுமையாக வந்தன. ராசப்பன் தன் ரிக் லாரிகளையே வீதியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். எத்தனை ஆள் தொங்கினாலும் கழலாமல் மரை பிடித்துக் கிடந்த போர் ராடுகள், அந்தச் சத்தத்தில் பாட்டில் மூடி மாதிரி விரலுக்குக் கழன்றன. பக்கத்து வீதியில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், வயிறு இளகாமல் வெகுநாள் அவதிப்பட்டவர், வாக்கிங் போகிற சாக்கில் காருக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்து எட்டி நடை போட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. காருக்குக் கண்ணேறு பட்டுவிடக் கூடாதென்று மயிலாத்தாள் எலுமிச்சம்பழம் கோத்துக் கட்டினாள், அந்தக் கயிறும் அவிழ்ந்து பழம் சாக்கடைக்கு உருண்டது. காரின் சொந்த போல்ட்டும் நட்டும் மட்டும் ஏன் கழலவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, "நீங்க உங்க முதுகச் சொறிஞ்சுக்குவீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்கள்.

இத்தனை பேருக்கும் காரியம் ஆனது. ஆனால் நவமணிக்கு ஆன காரியம் வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் கணவன் சென்னியப்பன் ரிக் ஆபரேட்டர். வடக்கே, பாஷை தெரியாத ஊர்களில், பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன். ஆடியில் வந்து லீவு கழித்துவிட்டுப் போனவன், ஆவணியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்து விழுந்தான். கால் ஒருவாறு தேறியது, பேச்சு மெதுவாகத் தேறியது, வலது கை மட்டும் மூடிக்கொண்டது. மூடியதென்றால் அப்படியொரு மூடல். நகம் வளர்ந்து உள்ளங்கையில் பதிந்தது. நகம் வெட்ட அவள் ஒவ்வொரு விரலாக நெம்புவாள், அவன் அலறுவான், அவள் அழுவாள், பாதியில் விட்டுவிடுவார்கள். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவரும் பொறுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பொறுமைக்கு எங்கே போவாள்?

முதல்நாள் சத்தம் வந்த அன்று, ஈரோட்டுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தாள்: சுண்டுவிரல் கொஞ்சம் விட்டிருந்தது. அடுத்த நாள்களில் இன்னும் கொஞ்சம். பிறகு பக்கத்து விரல். பொங்கலுக்குள் இரண்டு விரல் நிமிர்ந்துவிட்டன, அவள் வலிக்காமல் நகம் வெட்டினாள், வெட்டிய நகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் போய்ச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம்!

இந்தச் சமயத்தில்தான் மெக்கானிக் இதாயத் பாய் வந்து சேர்ந்தார். அவளுடைய காரை எப்போதும் பார்க்கிறவர், வாய் கொஞ்சம் நீளம், காது அதைவிடக் கூர்மை. வீதியின் அதிசயம் பற்றிக் கேள்விப்பட்டு, சத்தத்தைக் குளிர்ந்த என்ஜினில் கேட்க வேண்டும் என்று விடியலிலேயே வந்தார். முதலில் என்ஜினின் முன்பக்க பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், சத்தம் இருந்தது. மறுநாள் வந்து, ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல் மூடியில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அங்கே தையல் மிஷின் ஓடுகிற மாதிரி டிக்டிக் மட்டும். அதற்கு அடுத்த நாள் பக்கவாட்டு மூடியில் ஊன்றிக் கேட்டார். காதுக்குள் ஆணியடித்தாற்போல் கடகடத்தது. அதே நேரத்தில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி கழன்றது, அவருடைய பெல்ட்டும் கழன்றது.

"செயினுங்க்கா" என்றார், பேண்ட்டை இழுத்துக்கொண்டே. "கீழ சுத்தறதையும் மேல சுத்தறதையும் சேத்துப் புடிக்கிற செயின். சைக்கிள் செயினாட்டந்தான். அது தொய்யாம இருக்க டென்ஷனர்னு ஒண்ணு முட்டுக் குடுத்துட்டு நிக்கும். ஆயில் ஏறி அழுத்துனாத்தான் அதுக்குத் தெம்பு. உங்க வண்டில ஆயில் ஏறவே நேரமாகுது, அதுவரைக்கும் செயின் தொங்கிட்டு அடிக்குது."

"ஓடுதுல்லங்க பாய்? ஓடட்டும்."

"ஓடும், ஒருநாள் ஒரு பல்லுத் தாண்டும். தாண்டுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், அத்தோட என்ஜினு போச்சு. ஆளுங்கள ஏத்திட்டு நடு ரோட்டுல நிப்பீங்க. வண்டிய உடுங்க, பிரிச்சுப் பாத்துர்றேன்."

அவளுக்குப் புரிந்தது. காரில்லாவிட்டால் சோறில்லை. ஆனால் நடுவிரல் அப்போதுதான் நெகிழத் தொடங்கியிருந்தது. "இந்த வாரம் சவாரி நெறைய இருக்குதுங்க பாய், அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். வீதிக்காரர்களும் விடவில்லை, ராசப்பனே இதாயத்தின் ஷெட்டுக்குப் போய்விட்டார்.

"ஏனுங்க பாய், நல்லா இருக்கற சத்தத்த எதுக்கு நிறுத்தோணும்ங்கறீங்க?"

"நல்ல சத்தமாங்க அது? உங்குளுக்கு ராடு கழண்டுச்சு, எனக்குப் பேண்ட்டல்ல கழண்டுச்சு!"

சிரித்துப் பேசிக் கலைந்தார்கள். சத்தமோ நாளுக்கு நாள் நீண்டது. பெருமூச்சு நேரம் என்றிருந்தது ஒரு தும்மல், ஒரு கொட்டாவி, ஒரு சண்டை ஆரம்பிக்கிற நேரம் என்று வளர்ந்தது. முடிச்சு மட்டும் அவிழ்ந்தது போய், பிடியே விட ஆரம்பித்தது. செம்பு கையை விட்டு நழுவியது, கூரையிலிருந்து ஓடு நழுவியது, பள்ளிக்கூட வேனுக்கு நின்ற பிள்ளைகளின் கை அம்மாக்களின் கையிலிருந்து நழுவியது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஊறுகாய் ஜாடிகள் வந்தபடி இருந்தன.

மாசி மாதம் ஒரு விடியலில், கோவை ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒருவர், வீட்டு வாசலுக்கே வந்து நின்று, "கெளம்புங்கக்கா, வெரசாக் கெளம்புங்க, வண்டி போயிருமுங்க" என்று காலில் வெந்நீரை ஊற்றினாற்போல் குதித்தார். அந்த அவசரத்தில் நவமணி ஹாரன் அடிக்க மறந்து சாவியைத் திருகிவிட்டாள்.

கடகடகடகடவென்றது. அடுத்த வீட்டிலிருந்து ஓர் அலறல் வந்தது.

அது சுகந்தியின் குரல். சேலைத் தொட்டிலில் அவளுடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, ஹாரன் கேட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் அடுப்படியில் இருந்தாள். உத்தரத்து முடிச்சு அவிழ்ந்து தொட்டில் விழுந்தது. அதே சத்தத்தில் பக்கத்துத் துணிக்கொடியும் அவிழ்ந்து, காய்ந்த துணியெல்லாம் முன்னாடியே கீழே குவிந்திருந்தது, குழந்தை அந்தக் குவியலில் விழுந்தது. சாமி காப்பாற்றியது! குழந்தை விழித்துக்கூடப் பார்க்கவில்லை, உதட்டைச் சப்பிக்கொண்டு தூங்கியது. சுகந்தி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து காரின் முன்னால் நின்றாள். திட்டவில்லை, கத்தவில்லை.

"ஆரன் அடிக்கலீங்களேக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நவமணி என்ஜினை அணைத்தாள். இறங்கிவந்து குழந்தையின் தலையைத் தடவினாள், காலைத் தடவினாள், ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் தடவிக்கொண்டே இருந்தாள். ரயிலுக்குப் போகிறவரை வேறொரு காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் கட்டிலைப் பார்த்தாள். சென்னியப்பனின் கட்டை விரலும் விட்டிருந்தது. ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை முழுசாகத் தெரிந்தது. நகம் பதிந்த தழும்புகளோடு, அவள் ஆறு மாதமாகப் பார்க்காத உள்ளங்கை.

ஓடிப்போய்க் காப்பி டம்ளரைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தாள். டம்ளர் நழுவி விழுந்து காப்பி கொட்டியது. துண்டை வைத்தாள், துண்டும் நழுவியது. தன் விரலை வைத்து, "புடிங்க மாமா, புடிங்க" என்றாள். கை அப்படியே விரிந்து கிடந்தது, முறுக்கு அவிழ்ந்த ஈரத் துணி மாதிரி. எதையும் பிடிக்கிற எண்ணமே அதற்கு இல்லை.

"சுகந்தி... எதுக்குக் கத்துனா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், பாய் சொன்னதையும், தான் தள்ளிப்போட்டதையும், எதற்காகத் தள்ளிப்போட்டாள் என்பதையும். அவன் கேட்டுக்கொண்டே தன் கையைப் பார்த்தான்.

"ரிப்பேர் பண்ணிப்போடு புள்ள."

"மறுபடியும் மூடிக்கிச்சுன்னா?"

"மூடட்டும். தொறந்து வெச்சு... என்னத்தப் புடிச்சேன்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, வீதிக்குக் கேட்கும்படி, "காரை இன்னைக்கு ஷெட்டுக்கு உடறனுங்க" என்றாள். ராசப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுகந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். வாயெடுத்தவர் அதே வாயால், "ஸ்டார்ட் பண்ணாதீங்க அம்மிணி, நாங்க தள்ளிக் கொண்டாந்து உடறோம்" என்றார். அப்படியே நடந்தது. சென்னியப்பனை முன்சீட்டில் உட்காரவைத்து, நவமணி ஸ்டியரிங்கைப் பிடிக்க, வீதியே சேர்ந்து தள்ளியது. ரிக் ஆட்கள் தள்ளினார்கள், பால்காரர் தள்ளினார், மயிலாத்தாள் கூடையைத் தலையில் வைத்தபடி ஒரு கையால் தள்ளினாள், தாசில்தார் மனசில்லாமல் தள்ளினார், எருமை பின்னால் வந்தது. தேர் இழுக்கிற ஊருக்கு ஒரு கார் தள்ளுவதா பெரிசு!

இதாயத் பாய் முதலில் ஆயிலை இறக்கினார். இறக்கினார் என்று சொல்கிறேனே தவிர, அது இறங்கவே மாட்டேனென்றது. கருப்பாக, கெட்டியாக, கருப்பட்டிப் பாகு போலத் தட்டில் வந்து உட்கார்ந்தது. ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பாய் நிமிர்ந்தார்.

"இது கார் ஆயிலே இல்லீங்க்கா. ரிக்குக்கு ஊத்தறது. ஆரு ஊத்துனது?"

முன்சீட்டிலிருந்து சென்னியப்பன் இடது கையைத் தூக்கினான். ஆடி லீவில் வந்தபோது, பாறையையே துளைக்கிற வண்டிக்கு ஊற்றுகிற ஆயில், பெண்டாட்டி காருக்கும் நல்லதைச் செய்யாதா என்று, ஆசை ஆசையாகக் கேனில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி அலைச்சலில் ஆயில் மாற்ற யாருக்கு ஞாபகம்? செக்குமேட்டு வீதியில் யாரும் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. அந்த வீதியில் கதவுக் கீலுக்கும் அந்த ஆயில்தான், கிரைண்டருக்கும் அந்த ஆயில்தான், முழங்கால் வலிக்கும் அதையே தேய்த்துக்கொள்கிறவர்கள் இருந்தார்கள்.

"நானும் என்ற சொந்தக் கார்ல அதத்தானுங்க ஊத்தறேன்" என்று ராசப்பன் குரலை இறக்கிச் சொன்னார்.

"அதையும் கொண்டாங்க, எறக்கிப்போடலாம்" என்றார் பாய். "இத்தனை கனத்த ஆயிலு மார்கழிக் குளுருல மேல ஏறுமாங்க? டென்ஷனரு பட்டினி கெடந்தே செத்துப்போச்சு."

பக்கவாட்டு மூடியைப் பிரித்துக் காட்டினார். செயின் ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. அதைத் தாங்குகிற பட்டையில் செயின் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. டென்ஷனர் என்பது ஒரு பெருவிரல் அளவு சாமான். அதன் தலையைப் பாய் அழுத்தினார், உள்ளே போனது போனதுதான், திரும்பி வரவில்லை. புதியதை அழுத்தினார். அது உள்ளே போகவே முரண்டு பிடித்தது, விட்டதும் துள்ளி வெளியே வந்தது. சென்னியப்பன் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

செயின், பட்டை, டென்ஷனர், ஃபில்டர் எல்லாம் புதிதாகப் போட்டு, செயினில் இருந்த குறிகளைப் பல் பிசகாமல் சேர்த்து, என்ஜினைக் கையாலேயே சுற்றி எங்கும் முட்டவில்லை என்று பார்த்து, அந்தக் காருக்கு உண்டான இளகின ஆயிலை ஊற்றி, மூடி முடிக்கச் சாயங்காலமானது. ஷெட்டில் ஸ்டார்ட் பண்ணினார்கள், சத்தமில்லை. யாரும் கைதட்டவில்லை.

"நாளைக்குக் காலைல குளுந்த என்ஜினுல பாத்தாத்தானுங்க நெசம்" என்று பாய் சொல்லிவிட்டார். சென்னியப்பனின் கை அப்போதும் விரிந்துதான் கிடந்தது.

விடிந்தது. வீதி முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. நவமணி காரில் உட்கார்ந்தாள், பழக்க தோஷத்தில் நீளமாக ஹாரன் அடித்தாள். ஆண்கள் உட்கார்ந்தார்கள், பெண்கள் கொசுவத்தைப் பிடித்தார்கள், சுகந்தி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சாவியைத் திருகினாள்.

"என்ன அம்மிணி, ஸ்டார்ட் ஆகலியா?" என்றார் ராசப்பன்.

"ஆயிருச்சுங்ணா."

இதாயத் பாய் பானட்டில் காதை வைத்துவிட்டு நிமிர்ந்து பல் தெரியச் சிரித்தார். ராசப்பன் மெதுவாக எழுந்தார், லுங்கியிலிருந்து ஒரு கையை எடுத்தார், பிறகு இன்னொரு கையையும் எடுத்தார், நின்றது! இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடு வீதியில் ஒரு சுற்றுச் சுற்றினார். எருமை கட்டின இடத்தில் நின்றது. மயிலாத்தாள் சரத்தை எடுத்து உதறிக் காட்டினாள், ஒரு பூ உதிரவில்லை. வீதியே ஒரு மூச்சு விட்டது பாருங்கள், இத்தனை நாள் அதை எங்கே பிடித்து வைத்திருந்தார்களோ! சுகந்தி உள்ளே போய்த் தொட்டிலைக் கட்டினாள். தாசில்தார் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கொய்யாப்பழம் வாங்கச் சந்தைப் பக்கம் போனார்.

நவமணி காரை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள்.

கட்டிலில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான். கை மூடியிருந்தது. ஐந்து விரலும் மடங்கி, பழையபடி மூடியிருந்தது. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். சரி, குழந்தை விழாது, கார் ஓடும், அது போதும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் இறங்கிவிட்டது. நகம் வெட்டுகிற நாளில் செய்வது போலவே பக்கத்தில் உட்கார்ந்து, நெம்புவதற்காகத் தன் விரலை அவன் முஷ்டியின் ஓரத்தில் வைத்தாள்.

முஷ்டி திறந்தது. அவள் நெம்பவில்லை, அதுவாகத் திறந்து, அவள் விரலை உள்ளே வாங்கிக்கொண்டு, மூடிக்கொண்டது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கோணல் வாயால் சிரித்தான்.

"வலிக்குதா புள்ள?"

"இல்லீங்க. நல்லாப் புடிங்க."

பிடித்தான். டம்ளர் நிற்கிற பிடி அது, பாட்டில் திறக்கிற பிடி, அவள் எலும்பே நொறுங்கிவிடும் போல ஒரு பிடி. வெளியே, அன்றைய சவாரிக்குக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஈரோடு போகிறவர் ஹாரனை அடித்து, "அக்கா! வண்டி போயிருமுங்க!" என்று கத்தினார்.

"உடுங்க மாமா, போகோணும்" என்றாள் அவள், அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே.

"மாட்டேன்" என்றான் அவன். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு விரல் விரலாக, அவனாகவே விட்டான்.